அட்டையில் எழுதாத கர்ப்பம்

“ஏனுங் சிஸ்டர், இவளுக்கு ரத்தம் பன்னெண்டு இருக்குதுங்களே, அப்புறம் வயித்துல இருக்கற குழந்தைக்கு மட்டும் எப்படீங் கொறையும்?” என்று, காங்கயம் பக்கத்திலிருந்து 26 வார கர்ப்பிணியான மருமகளை அழைத்து வந்திருந்த அந்த அம்மா கேட்டார். கோவையில் ஸ்கேன் அறைச் செவிலியராக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. நம் பக்கத்தில் ரத்தசோகை என்றாலே முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் இரும்புச்சத்து மாத்திரையும்தான் நினைவுக்கு வருகின்றன. தாய் திடமாக இருக்கும்போதே குழந்தையின் ரத்தம் அழிந்துகொண்டிருக்கலாம் என்பதைச் சொன்னால் எவருக்கும் நம்பிக்கை வருவதில்லை.

அந்தப் பெண் ஆர்.எச். நெகட்டிவ், அதாவது சிவப்பணுக்களில் ஆர்.எச். என்ற புரதம் இல்லாத ரத்த வகை. கணவர் பாசிட்டிவ், அது உள்ளவர். தந்தையைப் போலப் பாசிட்டிவாக அமைந்த குழந்தையின் ரத்தம் ஒருமுறை தாயின் உடலில் கலந்துவிட்டால், தாயின் உடல் அதற்கு எதிர்ப்புப் பொருளை உருவாக்கி வைத்துக்கொள்கிறது. அடுத்து வரும் பாசிட்டிவ் குழந்தையை அது நஞ்சுக்கொடி வழியாகச் சென்றடைந்து, சிவப்பணுக்களை அழித்துவிடுகிறது. இதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 1968 முதலே புழக்கத்தில் இருக்கிறது. மூத்த குழந்தை பிறந்தபோது அவளுக்கும் அதைப் போட்டிருந்தார்கள். அவளுடைய கர்ப்பகால அட்டையில் அப்படித்தான் இருந்தது, அதனாலேயே தாயின் ரத்தத்தில் அந்த எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் ஐ.சி.டி. பரிசோதனையை இந்த முறை யாரும் கேட்கவில்லை.

ஸ்கேனில், கருவிலிருந்த குழந்தையின் வயிற்றுக்குள்ளும் தோலுக்கடியிலும் நீர் கோத்திருந்தது. மூளையின் நடுத் தமனியில், ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது, ரத்த ஓட்டத்தின் உச்ச வேகம் அந்த வாரத்திற்குரிய நடு அளவின் 1.5 மடங்கைத் தாண்டியிருந்தது. ரத்தம் நீர்த்துப் போனதால் வேகமாக ஓடுகிறது. மூளைக்கு ஆக்சிஜன் குறையாமல் இருக்க இதயமும் தன் சக்தி முழுவதையும் செலவிடுகிறது. இந்த ஈடுகட்டல் ஓரளவுக்கே தாங்கும். நீர் கோத்த பிறகு மூளையின் வெண்பகுதி ஆக்சிஜன் இன்றிச் சேதமடையலாம், மெல்லிய நாளங்களில் கசிவும் ஏற்படலாம். நெதர்லாந்தில் கருவிலேயே ரத்தம் ஏற்றப்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2012இல் வெளியிட்ட லோட்டஸ் ஆய்வில், நரம்பு வளர்ச்சிக் குறைபாடு 4.8 சதவீதத்தினரிடம்தான் காணப்பட்டது. கடுமையாக நீர் கோத்திருந்ததே அதற்குரிய முக்கியமான ஆபத்துக் காரணியாக இருந்தது. அதாவது பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே வளர்கிறார்கள். அதனால்தான் உரிய நேரத்தில் கண்டுபிடிக்காமல் விடுவது எனக்கு இவ்வளவு வேதனையாக இருக்கிறது.

கதிர்வீச்சுக்கு உட்படுத்திய, செறிவான ஓ நெகட்டிவ் ரத்தத்தைத் தாயின் ரத்தத்தோடு பொருத்திப் பார்த்த பின், மருத்துவர் ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே தொப்புள்கொடியின் ரத்தக் குழாயில் ஊசியைச் செலுத்தினார். முதலில் எடுத்த மாதிரியில் ஹீமோகுளோபின் 4 கிராம்கூட இல்லை. அத்தனை குறைந்திருக்கும்போது ஒரே தடவையில் முழுவதும் ஏற்றிவிடக் கூடாது. பலவீனமான இதயம் திடீர்ச் சுமையைத் தாங்காது. ஆகவே அன்று கொஞ்சம், சில நாட்களில் மீண்டும் கொஞ்சம் என்று ஏற்றினார்கள்.

மாமியார் டீ வாங்கப் போயிருந்த நேரத்தில்தான் அந்தப் பெண் என்னிடம் வாய் திறந்தாள். முதல் குழந்தைக்கு அடுத்து நான்காம் மாதத்தில் ஒரு கரு கலைந்திருந்தது. வீட்டுக்குத் தெரியாமல் ஒரு தனியார் மருத்துவமனையில் சுத்தம் செய்துகொண்டாள். அங்கே அவளுடைய ரத்த வகையை யாரும் கேட்கவில்லை. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசியும் போடப்படவில்லை. முந்தைய கர்ப்பங்களைப் பற்றி நாங்கள் கேட்டது எப்போதுமே மாமியாரை அருகில் வைத்துக்கொண்டுதான். அந்த இடத்தில் எந்தப் பெண் உண்மையைச் சொல்வாள்? இது அவளுடைய குற்றமல்ல, கேட்ட முறையின் குற்றம் என்றே நான் நினைக்கிறேன். இப்போது உடன் வந்தவர்களைப் பதிவுச் சீட்டு வாங்க அனுப்பிவிட்டே கேட்கிறேன், கலைந்தது, கலைத்தது இரண்டையும் தனித்தனியாக.

குழந்தை 35ஆவது வாரத்தில் பிறந்தான். பிறந்த பின் எடுத்த எம்.ஆர்.ஐ.யில், மூளையின் வலப்பக்கத்தில் பழைய ரத்தக் கசிவின் தழும்பு தெரிந்தது. இப்போது அவனுக்கு இரண்டு வயது. நடக்கிறான், ஆனால் இடது கை இன்னும் இறுக்கமாகவே மடங்கியிருக்கிறது. பிசியோதெரபிக்கு வாராவாரம் பஸ் ஏறி அவனைத் தூக்கி வருவது அந்த மாமியார்தான். “சிஸ்டர், இன்னைக்கு எம் பேரன் இந்தக் கையில பந்தைப் புடிச்சானுங்க” என்று போன வாரம் சொல்லி, அவன் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார்.