சிங்காநல்லூர் போகுமாங்க?

இன்னைக்கு காலைல எங்க மாமா முப்பது ரூபா சம்பாதிச்சுட்டு வந்துட்டாருங்க. ஈபில அசிஸ்டென்ட் இன்ஜினியரா இருந்து ரிட்டயர் ஆன மனுசன், மாசம் பொறந்தா பென்சன், மேல் வீட்டு வாடகை வேற, அது எதுலயும் பாக்காத சந்தோசத்தை அந்த மூணு பத்து ரூபா நோட்டுல பாத்துட்டாரு. சாமி ரூம்ல முருகர் படத்துக்கு முன்னாடி வெச்சு விபூதி போட்டு கும்பிட்டாச்சு. அத்தை அதைப் பாத்துட்டு ஒரு வார்த்தை பேசல. அத்தை பேசலைன்னா கோவம்னு அர்த்தம்.

நடந்தது இதுதான். விடியக்காலைல தண்டர்பேர்டை, அதாவது பின்னாடி ரெண்டு சக்கரம் வெச்சு மூணு சக்கரமா மாத்தின அவரோட ராயல் என்ஃபீல்டு பைக்கை எடுத்துட்டு திருச்சி ரோட்டுல ஒரு ரவுண்டு போயிருக்காரு. (இன்னும் அதை தண்டர்பேர்டுன்னுதான் சொல்லணும், ட்ரைக்குன்னும் சொல்லலாம், வேற எது சொன்னாலும் சோறு சாப்பிட மாட்டாரு.) ஒண்டிப்புதூர்ல கீரை மூட்டையோட நின்ன அம்மா ஒருத்தங்க கையைக் காட்டி, "ஏனுங்ணா, சிங்காநல்லூர் சந்தை போகுமாங்க?"ன்னு கேட்டிருக்காங்க. வேற யாரா இருந்தாலும் இது ஆட்டோ இல்லைங்கன்னு சொல்லிட்டு போயிருப்பாங்க. எங்க மாமா "ஏறுங்கம்மிணி"ன்னாரு. உழவர் சந்தை வாசல்ல இறக்கி மூட்டையையும் இறக்கிக் குடுத்திருக்காரு, அந்தம்மா சுருக்குப்பைல இருந்து முப்பது ரூபா எடுத்து நீட்ட, வேண்டாம்னா மனசு நோகும்னு வாங்கிக்கிட்டாராம். மனசு நோகுமாம்!

அந்தம்மாவைக் குத்தம் சொல்லி என்ன பண்றது. வண்டியைப் பாத்தா நானே கை காட்டுவேன். பின்னாடி ரெண்டு சக்கரத்துக்கு மட்கார்டு வேணும்னு பட்டறைக்காரர் எங்கியோ பழைய ஆட்டோவுல இருந்து கழட்டி மாட்டினாரு, பளீர் மஞ்சள். "அடுத்த வாரம் பெயின்ட் பண்ணித் தர்றேனுங்க"ன்னாரு. அந்த அடுத்த வாரம் இன்னும் வந்து சேரல.

இந்தக் கதை மொத்தமும் ஹோப் காலேஜ் சிக்னல்ல ஆரம்பிச்சது. மாமா அந்த தண்டர்பேர்டு 350-ல வால்பாறை நாப்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கினவரு, கொல்லிமலை எழுபதும் பாத்தவரு, அங்கெல்லாம் ஒரு கீறல் இல்ல. சிக்னல்ல சிவப்பு விழுந்து நிறுத்தி இடது காலை ஊனினாரு, முட்டி மடங்கிருச்சு. ஓடுற வண்டில விழுந்தா பரவால்ல, நின்ன வண்டில இருந்து விழுந்துட்டேனேன்னு அவருக்கு அவமானம். அந்த வண்டி 190 கிலோவுக்கு மேல, 20 லிட்டர் டேங்க், அன்னைக்குன்னு பாத்து ஃபுல் டேங்க் போட்டிருந்தாரு. நாலு பேர் சேர்ந்து தூக்கினாங்களாம், அதுல ஒருத்தன் "தாத்தா, ஆக்டிவா வாங்கிக்கோங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். முட்டி வலி ஒரு மாசத்துல சரியாச்சு. அந்த "தாத்தா" இன்னும் ஆறல.

எலும்பு டாக்டர் பைக்கை விட்டுருங்கன்னாரு. எங்க வீட்டுக்காரர் வித்துரலாம்பான்னு போட்டோ எடுக்கப் போனாரு. மாமா யூட்யூப்புக்குள்ள போனாரு. திரும்பி வெளிய வரவே இல்ல.

அப்பறம் தினமும் ராத்திரி சாப்பாட்டுல பாடம்தான். அமெரிக்காவுல வயசானவங்க ஹோண்டா கோல்ட்விங்கை மூணு சக்கரமா மாத்தி ஓட்டுறாங்க, 1800 சிசி, அதுக்கு ரிவர்ஸே இருக்குங்கறாரு. ஹார்லி கம்பெனிக்காரன் 1932-லயே சர்வி காருன்னு மூணு சக்கர வண்டி விட்டு 1973 வரைக்கும் செஞ்சானாம், போலீஸ்காரங்க எல்லாம் அதுல போய்த்தான் பார்க்கிங் டிக்கெட் கிழிச்சாங்களாம். "அமெரிக்காவை விடு, டெல்லிக்கு வா"ம்பாரு, ரெண்டாவது தோசைக்கு. உலகப்போர் முடிஞ்சு விட்டுட்டுப்போன மிலிட்டரி ஹார்லியோட பின்பக்கத்தை வெட்டி ஆளுங்களை ஏத்தி ஓட்டினாங்க, பட்பட்டின்னு பேரு, 1998-ல புகை ஜாஸ்தின்னு தடை பண்ற வரைக்கும் ஓடுச்சு. குஜராத்துல இன்னைக்கும் புல்லட் மூஞ்சியோட சக்கடான்னு ஒண்ணு ஓடுது. இப்படி அவரு தேசம் தேசமா போய்ட்டு இருக்கறப்ப எங்க வீட்டுக்காரர் தட்டுல இருந்து தலை நிமிராம, "மெட்ராஸ்ல மீன்பாடி வண்டின்னு ஒண்ணு ஓடுமேப்பா, அதுவும் இதானே"ன்னுட்டாரு. ரெண்டு பேருக்கும் அன்னைல இருந்து பேச்சுவார்த்தை என் வழியாத்தான்.

கோயமுத்தூர்ல பொறந்தவன் லேத்தை நம்பணும்ங்கறது மாமாவோட கொள்கை. கணபதி பக்கம் ஒரு பட்டறை. அவரு முதல்ல சொன்னது ஸ்கூட்டிக்கெல்லாம் மாட்டுறாங்களே அந்த சைடு வீல், பின் சக்கரம் பின் சக்கரமாவே இருக்கும், ரெண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வந்துரும், மலிவு. மாமா ஒத்துக்கல. பள்ளத்துல சைடு வீல் ரெண்டும் மேட்டுல நின்னுக்கிட்டா நடுச் சக்கரம் அந்தரத்துல சுத்தும், வண்டி நகராது, எனக்கு ஆக்சில்தான் வேணும், நடுவுல ரெண்டு சக்கரத்தையும் தனித்தனி வேகத்துல சுத்த விடற டிஃபரென்ஷியல் வேணும்னாரு. வளைவுல வெளிப்பக்க சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள்பக்கம் கம்மியா ஓடணும், ஒரே கம்பில ரெண்டையும் மாட்டினா டயர் தேஞ்சு வண்டி நேராவே போகப் பாக்கும்னு எனக்கு ரெண்டு டம்ளரை வெச்சு விளக்கினாரு. எனக்குப் புரிஞ்சிருச்சுங்கறதுதான் இதுல கொடுமை. இப்ப தெருவுல ஆட்டோ திரும்பினா சக்கரத்தைப் பாக்கறேன்.

பேப்பர் வேலை தனிக்கதை. கம்பெனி குடுத்த வண்டியை இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு 2019-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு, உடம்புக்கு முடியாதவங்களுக்காக மாத்தினா அடாப்டட் வெஹிகிள்னு வழி இருக்கு, ஆனா அனுமதி வாங்கி ஆர்சில ஏத்தணும், இன்சூரன்ஸ்லயும் சொல்லணும். டாக்டர் சர்டிபிகேட்டோட மாமா நடந்த நடைல நல்ல முட்டியும் கெட்டுப்போயிருக்கும். ஈபில இத்தனை வருசம் ஜனங்களை "நாளைக்கு வாங்க"ன்னு அனுப்பினதுக்கு அனுபவிக்கறாருன்னு அத்தை சொன்னாங்க, அது எனக்கும் நியாயமாத்தான் பட்டுது.

வண்டி ரெடியாகி முதல்முதலா ஓட்டிப் பாத்த அன்னைக்கு நானும் போயிருந்தேன். ரெண்டு சக்கரத்துல போறப்ப இடது பக்கம் திரும்ப இடது ஹேண்டிலை லேசா முன்னாடி அமுக்குவோமாம், வண்டி சாஞ்சு திரும்பிக்கும், நமக்கே தெரியாம பண்றோமாம். மூணு சக்கரம் சாயாது. அமுக்கினா ஹேண்டில் எப்படிப் போகுதோ அப்படியேதான் போகும். மாமா நாப்பது வருசப் பழக்கத்துல இடது பக்கம் அமுக்கினாரு, வண்டி ரொம்ப மரியாதையா வலது பக்கம் போயி எதிர்ல இருந்த டீக்கடை பெஞ்சுக்கு முன்னாடி நின்னுச்சு. பெஞ்சுல இருந்தவரு டீ கிளாஸோட எந்திரிச்சு நகர்ந்து உக்காந்தாரு. கோயமுத்தூர் மரியாதைங்க அது, எங்கயும் கிடைக்காது.

இன்னொண்ணு, நிறுத்தினா காலை ஊனக்கூடாது. ஊனினா பின் சக்கரம் நம்ம கால் மேலயே ஏறும். விழாம இருக்கத்தான் மூணு சக்கரம், ஆனா கால் பாட்டுக்கு தானா கீழ போகுது. அதனால பழகற வரைக்கும் பின்னாடி உக்காந்து "மாமா கால், மாமா கால்"னு கத்தறது என் வேலை. ஹேண்டில் வேற கல்லு மாதிரி கனம். அமெரிக்காவுல முன் ஃபோர்க்கோட சாய்மானத்தை மாத்தி அதை லேசாக்கறாங்களாம். இங்க தோள்பட்டைக்கு அயோடெக்ஸ். குழியும் அப்படித்தான், முன்னாடி மூணு இன்ச் விலகி தப்பிச்சிருவாரு, பின் சக்கரத்துல ஒண்ணு தேடிப்போய் விழும். நம்மூரு ரோட்டுல மூணு தடத்துக்கும் குழி இல்லாத இடம் எங்க இருக்கு சொல்லுங்க.

எல்லாத்தையும் அளந்தவரு கேட்டை அளக்கல. ஒரு கதவு திறந்தா பைக் போகும், இதுக்கு ரெண்டையும் திறக்கணும், துளசி மாடத்தை வேற நகர்த்தியாச்சு. உள்ள வந்துரும், வெளிய போகாது, ஏன்னா தண்டர்பேர்டுக்கு ரிவர்ஸ் கிடையாது. ரிவர்ஸ் நாங்கதான். மாமா வண்டி மேல உக்காந்து ஹேண்டிலைப் புடிச்சுக்குவாரு, நானும் அத்தையும் பின்னாடி இருந்து இழுக்கணும். எதிர்வீட்டு அக்கா தினமும் கரெக்டா அந்த நேரத்துக்குத்தான் கோலம் போட வர்றாங்க.

இப்படி இருக்கறப்பதான் இந்த முப்பது ரூபா. மத்தியானம் வரைக்கும் அத்தை பேசல. சாப்பாடு டொக்குன்னு வெச்சாங்க. அப்பறம் பொழுதோட, மாமா சாவியை எடுக்கறப்ப, அத்தை உள்ள போயி நல்ல சேலை கட்டிட்டு வந்தாங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து மாமா பைக்குல அத்தை ஏறினதே இல்லைங்க. ராஜ்தூத்ல இருந்து தண்டர்பேர்டு வரைக்கும் எத்தனை வண்டி வந்துச்சு, ஒருபக்கமா உக்காந்தா பயம், சேலை சக்கரத்துல மாட்டும்னு பஸ்லயே போய்க்கிட்டாங்க. அவரு வால்பாறை போனப்பவும் இவங்க வீட்லதான் இருந்தாங்க. இன்னைக்கு அந்த அகலச் சீட்டுல நடுவுல உக்காந்து சேலையை இழுத்து சொருகிட்டு, மஞ்சள் மட்கார்டு மேல ஒரு கையை வெச்சுக்கிட்டு சொல்றாங்க:

"நான் ஏறிக்கறேன். ஆளிருக்குன்னு தெரிஞ்சா எவளும் கை காட்டமாட்டா."

மாமா வாயே திறக்கல. ஹெல்மெட்டுக்குள்ள சிரிச்சாருன்னு நினைக்கறேன், கண்ணு சுருங்குச்சு. "எங்கீங் போலாம்?"னு மட்டும் கேட்டாரு, நெசமாவே ஆட்டோக்காரர் மாதிரி. அத்தை ஈச்சனாரின்னாங்க.

போய் ரெண்டு மணி நேரமாச்சு. போன் பண்ணினா எடுக்கல. பிள்ளையாரைப் பாத்துட்டு வர இவ்வளவு நேரமா? அப்படியே பொள்ளாச்சி ரோட்டைப் புடிச்சு ஆழியார்னு கிளம்பிட்டாங்களோன்னு எங்க வீட்டுக்காரர் கேக்கறாரு, அவருக்கு உள்ளூர வயித்தெரிச்சல், அவரைக் கூட்டிட்டு ஈச்சனாரி போனதில்லையாம். எனக்கு அதெல்லாம் பிரச்சினை இல்லைங்க. இவ்வளவு நாள் ரிவர்ஸ் இழுக்க நாங்க ரெண்டு பேர் இருந்தோம், இனி அதுல ஒருத்தங்க சீட்டுல உக்காந்துக்குவாங்க போல, அப்ப 190 கிலோ, ஆக்சில், மாமா, அத்தை எல்லாத்தையும் நான் ஒருத்தியா இழுக்கணுமான்னு மட்டும் யாராச்சும் சொல்லுங்க.