நான்கு கிரெயூசாக்கள்: அட்டைக் குறிப்புகளின் மூன்றாம் மாதம்

கிரேக்கப் புராணங்களில் ஒரே பெயர் கொண்ட பெண்களைப் பிரித்தறிவதற்காக ஆளுக்கோர் அட்டை எழுதத் தொடங்கி மூன்று மாதங்கள் ஆகின்றன. இம்மாதம் முழுவதும் கிரெயூசா என்ற ஒரே பெயரில் சென்றது.

முதலில் அட்டைகளை அகரவரிசையில் அடுக்கியிருந்தேன். நான்கு கிரெயூசாக்களும் ஒரே இடத்தில் வந்து நின்றதால், இன்னாரின் மகள், இன்ன ஊர் என்று தலைப்புகளை மாற்றி எழுதினேன். ஏதென்ஸ் அரசன் எரெக்தியஸின் மகள், அப்போலோ கடவுளுக்குப் பெற்ற மகன் அயோனைக் குகையில் விட்டுவிட்டு, பல ஆண்டுகளுக்குப் பின் டெல்ஃபியில் தன் மகனென்று அறியாமலேயே அவனைக் கொல்ல முயன்றவள். தெசலியின் நீரணங்கு, அரசன் ஹிப்சியஸின் தாய்.

கொரிந்து அரசன் கிரெயோனின் மகளைத் தவறுதலாகத் தீப்ஸின் கிரெயோன் குடும்பத்தில் சேர்த்து, அவன் மகன் ஹேமோனுக்குத் தங்கையாக்கியிருந்தேன்; அந்த அட்டையைக் கிழித்துப் புதிதாக எழுதினேன். கணவன் ஜேசன் தன்னைக் கைவிட்டு இவளை மணந்ததால் மெடியா அனுப்பிய நஞ்சு தோய்ந்த ஆடையால் மாண்ட இந்த மணமகளுக்கு, கி.மு. 431இல் அரங்கேறிய கிரேக்க நாடகாசிரியர் யூரிபிடீஸின் மெடியா நாடகம் பெயரே சூட்டவில்லை. கிரேக்கப் பயண நூலாசிரியர் பௌசானியாஸ் அவளைக் கிளௌகி என்கிறார். ரோம நாடகாசிரியர் செனெகா கிரெயூசா என்கிறார். கிரெயோன் என்றால் ஆள்பவன், கிரெயூசா அதன் பெண்பால். எந்த அரசன் மகளுக்கும் பொருந்தக்கூடிய பெயர் என்பதால்தான் இத்தனை பேருக்கு வாய்த்தது என்று கருதுகிறேன்.

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தவள் டிராய் அரசன் பிரியாமின் மகள். ரோமக் கவிஞர் வெர்ஜிலின் ஈனியட் காப்பியத்தின் இரண்டாம் பகுதியில், டிராய் வீரன் ஈனியாஸ் தந்தையைத் தோளில் சுமந்து, மகனைக் கைபிடித்து, எரியும் நகரைவிட்டு வெளியேறும்போது, பின்னால் வந்த மனைவி கிரெயூசா காணாமற்போகிறாள்; தேடித் திரும்பியவன் அவளது ஆவியை மும்முறை தழுவ முயன்றும் கைக்குள் எதுவும் அகப்படவில்லை. ஆனால் பழைய காப்பியங்களில் ஈனியாஸின் மனைவி பெயர் யூரிடிசி என்று பௌசானியாஸ் குறிப்பிடுகிறார். அதைப் படித்ததும், இறந்த மனைவியை மீட்கப் பாதாளம் சென்ற பாடகன் ஆர்ஃபியஸின் யூரிடிசி அட்டையை எடுத்து அருகில் வைத்தேன். அவளும் கணவனுக்குப் பின்னால் நடந்து வந்தவள்தான். ஆர்ஃபியஸ் திரும்பிப் பார்த்ததால் மனைவியை இழந்தான்; ஈனியாஸோ, வழியில் ஒருமுறையும் தான் திரும்பிப் பார்க்கவில்லை என்று தானே சொல்கிறான். இரண்டு கதைகளையும் பாடியவர் வெர்ஜிலே.

டிராய் அட்டையின் மேல் மூலையில் யூரிடிசி என்றும் எழுதிவிட்டேன். அடுத்த மாதம் அந்தப் பெயர். தீப்ஸின் கிரெயோன் மனைவியிலிருந்து தொடங்குகிறேன்.