லாஸ்ட் சீன்

20 அக்டோபர் 2025, திங்கள்

தீபாவளி. காலை நாலரைக்கு அவருக்குத் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கும்போதே டொரன்டோவிலிருந்து மகளின் வீடியோ கால். அங்கே இன்னும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிதான். தலையைக் குனிந்துகொண்டு "எனக்கும் வைம்மா" என்றாள். நல்லெண்ணெயைத் தொட்டு ஸ்கிரீனில் அவள் உச்சியில் வைத்தேன். அப்புறம் முந்தானையால் எவ்வளவு துடைத்தும் பிசுக்கு போகவில்லை, பேசி முடிக்கும் வரை அவள் முகம் மங்கலாகவே தெரிந்தது.

24 அக்டோபர், வெள்ளி

1989-ல் நான் மதுரையில் ஹாஸ்டலில் இருந்தபோது அப்பாவிடமிருந்து மாதம் இரண்டு இன்லண்ட் லெட்டர் வரும். ஒட்டும் மடிப்பில்கூட இடம் விடாமல், பசு கன்று ஈன்றது, கிணற்றில் எத்தனை படி தண்ணீர் என்று எழுதியிருப்பார். அவசரமென்றால் எஸ்டிடி பூத். இரவில் கட்டணம் குறையும் வரை காத்திருந்து, ஓடுகிற மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசவேண்டும். இப்போது தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு மகள் முகத்தையே பார்க்கிறேன், செலவும் இல்லை. ஆனால் சாப்பிட்டியா, குளிருதா என்பதைத் தாண்டி என்ன பேசினோம் என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை.

இன்று ஃபோனை மாவு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டுத் தோசை ஊற்றினாள். ஃபோன் சரிந்து விழுந்தபோதுதான் இடது மணிக்கட்டில் கட்டு தெரிந்தது. குக்கர் ஆவி அடித்து நாலு நாள் ஆகிறதாம். அந்த நாலு நாளும் பேசியிருக்கிறேன்.

28 அக்டோபர், செவ்வாய்

வாட்ஸ்அப்பில் அவளுடைய லாஸ்ட் சீன் காணவில்லை. மறைத்துவிட்டாள். அவளுக்கு ராத்திரி இரண்டு மணி என்றால் எனக்குப் பகல் பதினொன்றரை, அந்நேரம் ஆன்லைன் என்று காட்டினால் "ஏன் இன்னும் தூங்கலை" என்று அனுப்புவேன். போன வாரம் மூன்று தடவை அனுப்பினேன். இன்று சமையலே ஓடவில்லை.

2 நவம்பர், ஞாயிறு

ஐந்தரைக்கு அழைப்பு வரவில்லை. விளக்கேற்றிவிட்டு ஃபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவரும் டிவியை அணைத்துவிட்டார். ஆறரைக்கு வந்தது. அங்கே குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துவிட்டார்களாம், இனி நமக்கும் அவர்களுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம்.

லாஸ்ட் சீன் பற்றிக் கேட்டேவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தூக்கம் வராதப்ப ஃபோனைத் தொடவே பயமா இருக்கும்மா, நீ பாத்துட்டு இருப்பியேன்னு" என்றாள். அவள் தூங்கிவிட்டாள் என்று தெரிந்தால்தான் எனக்கு நிம்மதி, அதற்காகத்தான் பார்த்தேன். அதுவே அவளை விழித்துக்கொண்டு படுக்க வைத்திருக்கிறது என்பதை என்னால் தாங்க முடியவில்லை. சரி, இனிமேல் கேட்கமாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

5 நவம்பர், புதன்

பகல் பன்னிரண்டரைக்கு அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். நாலு நிமிஷம். தூக்கம் வரவில்லையாம், ஆபீசில் புது மேனேஜர் எல்லோர் முன்னாலும் கத்தினாராம், பாத்ரூமில் போய் அழுதாளாம். வீடியோவில் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாதோ என்னவோ. உடனே கால் பண்ணக் கை துடித்தது, பண்ணவில்லை. இரண்டு தடவை கேட்டேன்.

அப்புறம் வாசல் திண்ணையில் உட்கார்ந்து நானும் மைக்கை அழுத்திப் பிடித்தேன். பக்கத்து வீட்டு முருங்கை மழையில் முறிந்து விழுந்ததிலிருந்து ஆரம்பித்தேன்.