'முதலில்' என்ற ஒரு சொல்: சிசி தேர்வில் என் இரண்டாம் முயற்சி

மூன்று வாரங்களுக்கு முன், இணையப் பாதுகாப்புத் துறையின் தொடக்கநிலைச் சான்றிதழான சிசி (Certified in Cybersecurity) தேர்வை எழுதி முடித்ததும், சென்னைத் தேர்வு மையத்தில் என் கைக்கு வந்த ஒற்றைத் தாளில் மதிப்பெண் இல்லை. தேர்ச்சி என்ற செய்தி மட்டுமே இருந்தது. தோற்றவர்களுக்குத்தான் எந்தப் பாடப்பிரிவில் பின்தங்கினோம் என்ற விவரம் அச்சாகி வரும். முதல் முயற்சியில் அந்தத் தாளையும் வாங்கியவள் நான்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, குழந்தை பிறந்தபின் ஆறு ஆண்டுகள் வேலையில்லாமல் இருந்த எனக்கு, பத்து லட்சம் பேருக்கு இலவசப் பயிற்சியும் தேர்வும் என்று இந்தத் தேர்வை நடத்தும் ஐஎஸ்சி2 (ISC2) அமைப்பு 2022இல் அறிவித்த திட்டம் பெரிய வாய்ப்புதான். ஆனால் தேர்வு தமிழில் இல்லை; கட்டணம் இல்லை என்பதால் ஆங்கிலம் எளிதாகிவிடுவதும் இல்லை.

நான் தோற்றது பாடம் தெரியாமல் அன்று. ஒவ்வொரு கேள்வியையும் மனத்துக்குள் தமிழாக்கிக்கொண்டே போனதில் 'முதலில்', 'மிகப் பொருத்தமான', 'அல்லாத' ஆகிய சொற்கள் நழுவின. கேள்விகளை வெளியிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டிருப்பதால் நானே ஓர் உதாரணம் சொல்கிறேன்: சர்வர் அறையில் தீப்பிடித்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன? காப்புப் பிரதியை எடுப்பது, மின்சாரத்தைத் துண்டிப்பது, ஆட்களை வெளியேற்றுவது என எல்லாமே செய்யத்தக்கவைதாம்; ஆயினும் மனித உயிர்தான் முதலில். இரண்டாம் முறை கடைசி வரியை முதலில் படித்து, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்ட பிறகே விடைகளைப் பார்த்தேன். மற்ற ஆலோசனைகளை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஆத்தென்டிகேஷனும் ஆத்தரைசேஷனும் குழம்பியபோது என் மாமியாருக்கு ரேஷன் கடையை வைத்து விளக்கினேன். விரல்ரேகை வைத்து, நாம் இன்னார் என்று காட்டுவது முதலாவது. அந்தக் கார்டுக்கு எத்தனை கிலோ அரிசி என்று முடிவாவது இரண்டாவது. "அப்போ ரேகை விழுந்தாலும் சர்க்கரை கிடைக்காதுங்கிறது ரெண்டாவதா?" என்று அவர் கேட்ட பிறகு எனக்கு அது குழம்பவே இல்லை.

இனிச் சுருக்கமாக:

1. தந்தை பெயரை இனிஷியலாக எழுதும் நாம், பதிவிலும் அடையாள அட்டையிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று முன்பே பார்க்க வேண்டும். நான் பதிவில் இனிஷியலை மட்டும் போட்டு, பாஸ்போர்ட்டில் இருந்தபடி அதைத் திருத்துவதற்குள் ஒரு வாரம் தூக்கமில்லை.
2. இரண்டு அடையாள ஆவணங்கள் வேண்டும்.
3. முதல் முறை தோற்றால் 30 நாள் காத்திருக்க வேண்டும். இலவசம் ஒரு முறைதான் கிடைத்தது. எனக்கு இரண்டாம் முயற்சி சொந்தச் செலவு.
4. குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. விடியற்காலை நான்கு மணியும் தனிமையும் போதும்.
5. தேர்ச்சிக்குப் பின் ஆண்டுதோறும் 50 டாலர் கட்டணம் உண்டு. வேலை கிடைக்கும்வரை அதுவும் கைக்காசுதான்.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. சென்ற வாரம் ஒரு நிறுவனத்தின் நேர்காணலில், இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் கண்காணிப்பு மையத்தில் இரவுப்பணி இருக்குமே, குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார்கள். எனக்கு முன் உள்ளே போய்வந்தவர் இரண்டு குழந்தைகளுக்குத் தந்தை. தம்மிடம் அந்தக் கேள்வி வரவில்லை என்று வெளியே வந்து அவர் சொன்னார்.