அமெரிக்கர் திகைக்கும் இடம் வேறு, நாம் தடுக்கும் இடம் வேறு

பிரிட்டனுக்குப் போய்வந்த அமெரிக்கர்களின் பயணக் குறிப்புகள் பத்து படித்தால் போதும், பதினொன்றாவதை நாமே எழுதிவிடலாம். பிளக் பாயின்ட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்விட்ச் இருக்கிறது. முதல் மாடி என்று சொன்னார்கள், ஏறிப் பார்த்தால் இரண்டாவது மாடி. கார் இடப்பக்கம் ஓடுகிறது. தேதியில் நாள் முன்னே வருகிறது, மாதம் பின்னே வருகிறது. பள்ளிக்கூடப் பிள்ளை கூச்சமில்லாமல் ரப்பர் கேட்கிறது (அமெரிக்காவில் ரப்பர் என்றால் ஆணுறை). வேலூர் சத்துவாச்சாரியில் உட்கார்ந்து இதையெல்லாம் படிக்கிறவருக்கு, இதில் என்ன அதிசயம் என்றுதான் தோன்றும்.

தோன்றுவது நியாயம். அமெரிக்கர் வாய் பிளக்கும் இடங்களில் பாதி நம் வீட்டிலேயே இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான். எல்லாம் தெரிந்ததுதானே என்று கிளம்புகிற வேலூர் நர்சும், காட்பாடியில் படித்துவிட்டு மேற்படிப்புக்குப் போகிற பையனும் தடுக்கி விழும் இடங்கள் அமெரிக்கக் குறிப்பில் இருக்காது. அமெரிக்கருக்கு அது கண்ணிலேயே படாது.

நம் ஊருக்கு இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்கன் ஆற்காடு மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பு 1853-இல் அமைந்தது. ஊரிசு கல்லூரி என்று நாம் இழுத்துச் சொல்லும் பெயர் வூர்ஹீஸ் என்ற அமெரிக்கக் குடும்பப் பெயர். ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. ஆனால் வேலூர் அடங்கிய வட ஆற்காடு பிரிட்டிஷ்காரன் ஆண்ட ஜில்லா. அதனால் அமெரிக்கர் தொடங்கிய ஆஸ்பத்திரியிலும் வாயில் வருவது தியேட்டர், கேஷுவால்ட்டி, வார்டு சிஸ்டர். எல்லாம் பிரிட்டிஷ் சொல்.

அந்த சிஸ்டரிலிருந்தே தொடங்கலாம். இங்கே வெள்ளை உடுப்பு போட்ட எல்லாரும் சிஸ்டர். அங்கே சிஸ்டர் என்பது பதவி. அங்கே அரசு மருத்துவமனைச் சம்பளப் படிநிலைக்குப் பேண்ட் என்று பெயர்; வெளிநாட்டிலிருந்து புதிதாகச் சேரும் நர்ஸ் பொதுவாகப் பேண்ட் 5. சிஸ்டர் அதற்கு மேல், 6 அல்லது 7. பக்கத்தில் நிற்கும் சக நர்சை சிஸ்டர் என்று கூப்பிட்டால் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், வார்டுப் பொறுப்பாளர் திரும்புவார். பெயரைச் சொல்லியே கூப்பிட வேண்டும், வயதில் மூத்தவரையும் சேர்த்து. அறுவை மருத்துவரை டாக்டர் என்று சொல்லாமல் மிஸ்டர், மிஸ் என்பார்கள். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமல் நாவிதர்களோடு ஒரே சங்கத்தில் இருந்த காலத்து வழக்கம், இன்று கௌரவமாகிவிட்டது. உயர் தேர்வு எழுதித் தேறியவரை டாக்டர் என்று அழைத்தால் ஒரு படி இறக்கிய மாதிரி.

பேண்ட் என்றதும் இன்னொரு பேண்ட். மழையில் நனைந்து வேலைக்கு வந்து, என் பேண்ட் முழுக்க ஈரம் என்று ஆங்கிலத்தில் சொன்னால், உள்ளாடை நனைந்த கதையாகத்தான் காதில் விழும். கால்சட்டைக்கு அங்கே ட்ரவுசர்ஸ். நமக்கோ டிரவுசர் என்றால் அரைக்கால் சட்டை. இந்த இடத்தில் அமெரிக்கரும் நாமும் ஒரே கட்சி. இங்கிலாந்தின் வடமேற்கில் சில ஊர்களில் மட்டும் பேண்ட்ஸ் என்றால் கால்சட்டைதான், ஆனால் அதை நம்பி வாயைத் திறக்க வேண்டாம். சிப்ஸ் கேட்டால் தடித்த உருளைக்கிழங்கு வறுவல் சுடச்சுட வரும். நம் பாக்கெட் சிப்ஸுக்குப் பெயர் கிரிஸ்ப்ஸ். ஓட்டல் என்றால் தங்குமிடம் மட்டும். கவர் கொடுங்கள் என்றால் கடைக்காரர் விழிப்பார்: கேரியர் பேக் என்று கேட்க வேண்டும், இங்கிலாந்தில் அதற்குக் குறைந்தது 10 பென்ஸ் தனியாகக் கொடுக்கவும் வேண்டும். கார் டிக்கியைத் திற என்றால் யாருக்கும் புரியாது, பூட் என்கிறார்கள். டிக்கி அவர்கள் கொடுத்த சொல்தான். அவர்கள் விட்டுவிட்டார்கள், நாம் விடவில்லை.

பிளக் கதையும் இதேதான். நம் வீட்டு உருண்டை மூன்று முள் பிளக், பி.எஸ். 546 என்ற பழைய பிரிட்டிஷ் அளவு. அவர்கள் 1947-இல் வந்த பி.எஸ். 1363-க்கு மாறி, தட்டையான மூன்று முள்ளுக்குப் போய்விட்டார்கள். மேலே உள்ள எர்த் முள் நீளமானது. அது முதலில் நுழைந்து உள்ளே இருக்கும் மூடியைத் தள்ளினால்தான் மற்ற இரண்டுக்கும் வழி திறக்கும். எர்த் துளையில் பேனா முனையை விட்டு நம் இரண்டு முள் சார்ஜரைத் திணிப்பவர்கள் உண்டு. அந்தப் பாதுகாப்பைக் கெடுக்கிற வேலை அது, தீப்பொறிக்கும் வழி. மின்னழுத்தம் நமக்குப் பிரச்சினையே இல்லை, இரண்டு ஊரிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கர் 120 வோல்ட் ஹேர் டிரையரை அடாப்டர் மட்டும் போட்டுச் செருகிப் புகை பார்ப்பார். நமக்கு முள்ளை மாற்றினால் போதும்.

மிக்சி கொண்டுபோகிறவர்கள் கவனிக்க வேண்டியது பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸ். 3, 5, 13 ஆம்பியர் என்று கடையில் கிடைக்கும். 750 வாட் மிக்சி சுமார் 3.3 ஆம்பியர் இழுக்கும். 3 போட்டால் மோட்டார் கிளம்புகிற இழுப்பில் போய்விடலாம். 13 போட்டால், மிக்சியின் மெல்லிய ஒயர் சூடேறினாலும் ஃபியூஸ் அசையாது. 5 சரி. ஒயர் மாட்டும்போது பழுப்பு லைன், ஃபியூஸ் இருக்கும் பக்கம். நீலம் நியூட்ரல். பச்சை-மஞ்சள் எர்த். நம் பழைய ஒயரில் சிவப்பு லைன், கறுப்பு நியூட்ரல் என்பதை மறக்கக் கூடாது.

குளியலறையில் பிளக் பாயின்ட் தேடாதீர்கள், ஷேவருக்கான சிறு துளையைத் தவிர எதுவும் இருக்காது. விளக்குக்குக் கூரையிலிருந்து கயிறு தொங்கும். பழைய வீடுகளில் பேசினுக்கு இரண்டு குழாய், ஒன்றில் கொதிக்கிற தண்ணீர், ஒன்றில் உறைகிற தண்ணீர். எல்லா அமெரிக்கரும் இதைக் கிண்டலடித்திருக்கிறார்கள், காரணம் சொன்னவர்கள் குறைவு. குளிர்ந்த நீர் நேரே தெருக்குழாயிலிருந்து வரும், குடிக்கலாம். வெந்நீர் பரண்மேல் தொட்டி வழியாக வந்தது. தொட்டித் தண்ணீர் ஊர்க் குழாய்க்குள் திரும்பிப் போய்விடக் கூடாது என்று இரண்டையும் பிரித்தே வைத்தார்கள். அடைப்பானைப் போட்டு பேசினை நிரப்பிக் கழுவுவதுதான் அதன் முறை. ஓடுகிற தண்ணீரில் முகம் கழுவியே பழகிய நமக்கு அது மனசுக்கு ஒப்பாது. சொம்பில் கலந்துகொள்வது உத்தமம்.

அடுத்தது பால். இதை யாரும் எழுதி நான் படித்ததில்லை, ஆனால் வீட்டு வேலை இங்கேதான் கெடுகிறது. ஆவினில் நீலம் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5 என்று பழகிய கை, அங்கேயும் பச்சை மூடியை எடுக்கும். அங்கே பச்சை என்றால் கொழுப்பைப் பாதி எடுத்த பால், 1.7 சதவீதம்தான். தயிர் தண்ணியாக நிற்கும், டீ சாயம் போட்ட வெந்நீர் போல இருக்கும். உறையைக் குறை சொல்லிப் பயனில்லை. நீல மூடிதான் முழுப் பால், 3.6 சதவீதம் அளவில். சிவப்பு மூடி பக்கமே போக வேண்டாம். கேன் பைன்ட் கணக்கில் வரும்: பிரிட்டிஷ் பைன்ட் 568 மில்லி, அமெரிக்க பைன்ட் 473. நாலு பைன்ட் கேன் 2.27 லிட்டர், அதாவது நாலரை ஆவின் அரை லிட்டர் பாக்கெட். குளிர்காலத்தில் சமையலறை மேடையில் தயிர் உறையாது. அணைத்துச் சூடு குறைந்த ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு இரவு முழுக்க வைத்தால் உறையும்.

டீ என்றதும் இன்னொன்று. வட இங்கிலாந்தில் டீக்கு என்ன என்று கேட்டால் ராத்திரிச் சாப்பாட்டைக் கேட்கிறார்கள். அங்கே பலருக்கு டின்னர் மதியம். ஹாஃப் செவன் என்றால் ஏழரை மணி.

ரயிலில் காட்பாடி அறிவு பாதிதான் உதவும். வெயிட்டிங் லிஸ்ட் இல்லை, ஆர்.ஏ.சி. இல்லை. டிக்கெட் வேறு, சீட் வேறு. டிக்கெட் இருந்தால் ஏறிவிடலாம், நின்றுகொண்டும் போகலாம். அட்வான்ஸ் என்ற மலிவு டிக்கெட் மட்டும் குறிப்பிட்ட அந்த வண்டிக்குத்தான் செல்லும். உங்கள் தவறால் வண்டியை விட்டால் டிக்கெட் காலி. நடுவில் இறங்கி ஊர் பார்த்துவிட்டு அடுத்த வண்டி ஏறவும் முடியாது. ஆஃப்-பீக் என்றால் நெரிசல் நேரம் தவிர்த்து எந்த வண்டியும், எனிடைம் என்றால் எப்போதும். கிளம்புகிற அன்று காலையில் எனிடைம் எடுத்தால் பர்ஸ் அழும். 25 வயது வரை ரயில்கார்டு வாங்கினால் மூன்றில் ஒரு பங்கு குறையும், ஆனால் பரிசோதகர் கேட்கும்போது கார்டைக் காட்ட வேண்டும். டிக்கெட் இல்லாமல் இங்கிலாந்தில் பிடிபட்டால் 100 பவுண்டும், அதன்மேல் கட்டணமும். ஸ்டாப்பில் நின்றால் பஸ் தானாக நிற்கும் என்று இருக்காதீர்கள். கையை நீட்ட வேண்டும். பாகாயம் பஸ்ஸுக்கு ஓடி ஏறுகிற பழக்கம் அங்கே வேண்டாம். இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்வார்கள், லண்டனுக்கு வெளியே கட்டாயம்.

பேச்சில் அமெரிக்கரும் நாமும் சேர்ந்தே ஏமாறுகிறோம். யூ ஆல்ரைட் என்று கேட்டால் உடம்பு விசாரிப்பு இல்லை, வணக்கம். நேற்றிலிருந்து ஜலதோஷம் என்று தொடங்கக் கூடாது. யா, யூ என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டும். அமெரிக்கர் குவைட் குட் என்றால் ரொம்ப நல்லது என்று பொருள், பிரிட்டிஷ்காரர் சொன்னால் சுமார். உங்கள் வேலையை மேலதிகாரி அப்படிச் சொன்னால் இனிப்பு வாங்கப் போகாதீர்கள். நாட் பேட் என்றால் வாங்கலாம். ஒருநாள் வீட்டுக்கு வரணும் என்பது அழைப்பாகாது. தேதியும் மணியும் சொன்னால்தான் அழைப்பு. பப்பில் மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் யாரும் வர மாட்டார்கள், கவுன்டருக்குப் போய்ச் சொல்ல வேண்டும். கூட்டாகப் போனால் முறைவைத்து ஒருவர் எல்லாருக்கும் வாங்குவார். நீங்கள் ஆரஞ்சு ஜூஸ் மட்டுமே குடித்தாலும் உங்கள் முறை வரும்போது எழுந்துவிட வேண்டும். எழாதவர் பெயர் கெடும், வாய்விட்டு ஒருவரும் சொல்லவும் மாட்டார்கள்.

வெயிலைச் சொன்னால் வேலூர்க்காரர் சிரிப்பார். லண்டன் பக்கம் மூன்று நாள் தொடர்ந்து 28 டிகிரி தொட்டால் வெப்ப அலை, வடக்கில் 25 போதும். சிரித்துவிட்டுப் போனால் ஜூலையில் தெரியும். வீடு சூட்டைப் பிடித்துவைக்கக் கட்டியது, ஃபேன் கொக்கியே இருக்காது. ஜூன் கடைசியில் லண்டனில் இரவு ஒன்பதே காலுக்கு மேல்தான் பொழுது சாயும், டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சாய்ந்துவிடும். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரம் மாறும். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி வித்தியாசம், குளிரில் ஐந்தரை. வீட்டில் அம்மா தூங்கிய பிறகு போன் அடிப்பது பெரும்பாலும் நவம்பரில்தான்.

இனி எழுதுவதைப் பற்றி. ஆற்காடு மிஷன் அமைந்த அதே 1853-இல் அமெரிக்க எழுத்தாளர் நத்தேனியல் ஹாதார்ன் லிவர்பூலுக்குத் தூதரக அதிகாரியாகப் போனார். பத்து ஆண்டு கழித்து இங்கிலாந்தைப் பற்றி நூல் வெளியிட்டார். கூர்மையான கண். ஆனால் அந்த நாட்டு முதிய பெண்களின் உடல்வாகை மாட்டிறைச்சித் துண்டங்களோடு ஒப்பிட்டார், அங்கே கோபம் கிளம்பியது. ஒட்டுமொத்தமாக ஒரு சனத்தை எடைபோட்டால் இப்படித்தான் ஆகும். 1942-இல் அமெரிக்கப் போர்த்துறை தன் சிப்பாய்களுக்குக் கொடுத்த சிறு கையேடு அதைவிட உருப்படியான பயண எழுத்து என்பேன். சம்பளப் பெருமை பேசாதே, விருந்துக்குக் கூப்பிட்டால் அள்ளிச் சாப்பிடாதே, அது அந்த வீட்டின் ஒரு வார ரேஷனாக இருக்கலாம் என்றது. அவர்களுக்குக் காபி போடத் தெரியாது, உனக்கு டீ போடத் தெரியாது, கணக்கு சரி என்றும் சொன்னது.

போகிறவர்கள் முதல் இரண்டு வாரத்திலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வாரம் கயிற்று விளக்கு பழகிப்போய்க் கண்ணில் படாது. ஊரும் மாதமும் சேர்த்து எழுதுங்கள்: கிளாஸ்கோவில் பார்த்ததை லண்டனுக்கு ஏற்ற முடியாது. வெள்ளைக்காரன் இப்படித்தான் என்று எழுதாமல், எந்த மூடிப் பால், எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்று எழுதுங்கள். அமெரிக்கக் குறிப்பு எதிலும் வராத ஒரு வரியை நீங்கள்தான் எழுத வேண்டியிருக்கும்: குளியலறையில் வாளியும் இல்லை, மக்கும் இல்லை, கழிப்பறையில் தண்ணீரும் இல்லை. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் மக்கு ஒன்றைப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்து, உள்ளே காலுறைகளைத் திணித்தால் உடையாமல் போய்ச் சேரும்.