சீல் இருக்கிறது, பில் எங்கே?

இதுவரை இரண்டு வேகமான கார்களை வாங்கியிருக்கிறேன், இரண்டுமே பழையவை. முதல் காரில் நன்றாக ஏமாந்தேன், இரண்டாவது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பழைய கார் வாங்குவது பற்றி யாராவது கேட்டால் இரண்டாவதைக் காட்டிவிட்டு முதலாவதைப் பற்றித்தான் பேசுவேன், ஏனென்றால் கற்றுக்கொண்டது அதில்தான்.

அது ஒரு டர்போ கார். கம்பெனி பெயர் வேண்டாம், தப்பு கார் மேல் இல்லை, என் மேல். விற்றவர் சர்வீஸ் புத்தகத்தைக் கையில் கொடுத்தார், ஒரு பக்கம் விடாமல் சீல் இருந்தது, புரட்டிப் பார்த்தேன், மனம் குளிர்ந்துவிட்டது. பானெட்டைக்கூட ஒழுங்காகத் திறந்து பார்க்கவில்லை. நாலே மாதத்தில் இன்ஜின் அடியிலிருந்து சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம். பிரித்துப் பார்த்தால் பேரிங் போய்விட்டது, உள்ளே ஆயில் என்று இருந்தது தார் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. மெக்கானிக் அந்தப் புத்தகத்தை வாங்கி ஒரு நிமிடம்தான் பார்த்தார். "கிலோமீட்டரைப் படிங்க" என்றார். 10,000. 20,000. 30,000. 40,000. "யாராவது சரியா இருபதாயிரத்துல வண்டிய நிறுத்திட்டு சர்வீசுக்கு விடுவாங்களா?" அதுதான் விஷயம். உண்மையான புத்தகத்தில் 19,640 இருக்கும், 31,215 இருக்கும், ஒன்று சீக்கிரம் வந்திருக்கும், ஒன்று தாமதமாக வந்திருக்கும். வரிசையாக உருண்டை எண்களாக இருந்தால் யாரோ ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அன்றிலிருந்து நான் சீலைப் பார்ப்பதில்லை, பில்லைக் கேட்கிறேன். சீல் என்பது "வண்டி வந்தது" என்று மட்டும்தான் சொல்லும், அதுவும் சில சமயம் பொய்யாக. வந்த வண்டிக்கு என்ன செய்தார்கள் என்பதைப் பில்தான் சொல்லும். எந்த ஆயில், எத்தனை லிட்டர், எந்தெந்தப் பாகம், எத்தனை மணி நேர வேலை, என்றைக்கு விட்டார்கள், என்றைக்கு எடுத்தார்கள். சாதாரணக் காருக்கு இவ்வளவு தேவையா என்றால் தேவையில்லை. ஆனால் வேகத்துக்காகக் கட்டிய இன்ஜின் அலட்சியத்தை மன்னிக்காது, அதன் பாகங்களின் விலையும் அப்படித்தான் இருக்கும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், ஏனென்றால் என் இரண்டாவது கார் இதுதான்: பிஎம்டபிள்யூ இ46 எம்3. உள்ளே இருப்பது எஸ்54 என்கிற 3.2 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின், 8,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 8,000 சுற்று) வரை சுற்றும். இதற்கு 10டபிள்யூ-60 வகை ஆயில், ஃபில்டரோடு சேர்த்து 5.5 லிட்டர் பிடிக்கும். பில்லில் 4 லிட்டர் என்று இருந்தால் மீதி எங்கே போனது என்று கேட்கலாம் இல்லையா? அப்புறம், இன்றைய பெரும்பாலான இன்ஜின்களில் வால்வு இடைவெளி (வால்வுக்கும் அதை அமுக்கும் பாகத்துக்கும் நடுவில் உள்ளது) தானாகச் சரியாகிக்கொள்ளும், இதில் ஆகாது. வால்வு மூடியைக் கழற்றி, மெல்லிய தகடு விட்டு அளந்து, தேவைப்பட்ட இடத்தில் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சின்ன வில்லை) மாற்ற வேண்டும். அதையும் இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போதுதான் அளக்க முடியும். ஆகவே பில்லில் "வால்வு அட்ஜஸ்ட்மென்ட்" என்று எழுதியிருந்து, காலை பத்து மணிக்கு விட்டு பன்னிரண்டு மணிக்கு எடுத்ததாக ஜாப் கார்டு சொன்னால், அந்த வேலை நடந்ததா என்று எனக்குச் சந்தேகம் வரும். கூடவே வால்வு மூடி கேஸ்கெட் வாங்கியதாக ஒரு வரிகூட இல்லை என்றால் சந்தேகமும் போய்விடும், நடக்கவில்லை.

இதே காருக்கு முதல் 2,000 கிலோமீட்டரில் ஒரு சர்வீஸ் உண்டு. புது இன்ஜினில் உரசி வரும் இரும்புத் துகளோடு இருக்கும் ஆயிலையும் டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) ஆயிலையும் அப்போது மாற்றிவிடுவார்கள். ஃபைலில் இந்த ஒரு தாளைத்தான் நான் முதலில் தேடினேன். இருபது வருடத்துக்கு முந்தைய தாள்தான், ஆனால் முதல் முதலாளி எப்படிப்பட்டவர் என்று அது சொல்லிவிடும்.

எந்தக் காரை வாங்கப் போகிறீர்களோ அதன் வியாதி என்ன என்று கார் பார்க்கப் போவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபைல் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அதில் எதைத் தேடுவது என்றே தெரியாது. எஸ்54 இன்ஜினின் ஆரம்பகால கார்களில் கனெக்டிங் ராட் பேரிங் (பிஸ்டனை கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் தண்டின் பேரிங்) பிரச்சினை வந்து கம்பெனியே கூப்பிட்டு மாற்றிக் கொடுத்தது, அது நடந்ததா என்று பார்க்க வேண்டும். பின்னால் சப்ஃபிரேம் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) பொருந்தும் தரைத் தகட்டில் விரிசல் விழும், லிஃப்டில் ஏற்றாமல் அது கண்ணுக்குத் தெரியாது. போர்ஷே 911-இன் 996 தலைமுறைக்கு வேறு கதை: இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங், அதாவது இன்ஜினுக்குள் வால்வுச் சங்கிலிகளை ஓட்டும் இடைத்தண்டின் பேரிங், சுருக்கமாக ஐஎம்எஸ். அது உடைந்தால் இன்ஜினே போய்விடும். அந்தப் பேரிங்கை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கிளட்ச் மாற்றவும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதனால் விவரம் தெரிந்தவர் கிளட்ச் மாற்றும்போதே பேரிங்கையும் பார்த்துவிடுவார். கிளட்ச் பில் இருக்கிறது, பேரிங் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்றால், அன்றைக்கு மிச்சம் பிடித்திருக்கிறார்கள், அந்த மிச்சம் இப்போது உங்கள் தலையில். (அதே 996-இல் டர்போவுக்கும் ஜிடி3-க்கும் வேறு இன்ஜின், அவற்றில் இந்தத் தொல்லை இல்லை. "996 வாங்காதே" என்று மொத்தமாகச் சொல்பவர்களுக்கு இது தெரியாது.)

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 மாதிரி ரோட்டரி இன்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றுவது) என்றால் நம் வழக்கமான கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் கருவி) உதவாது. ஒரு ரோட்டருக்கு மூன்று முகம், இரண்டு ரோட்டர், மொத்தம் ஆறு எண்கள் வர வேண்டும், அதற்கென்று தனிக் கருவி இருக்கிறது. "கம்ப்ரஷன் பார்த்தாச்சு சார், நல்லா இருக்கு" என்று ஒரே எண்ணைக் காட்டினால் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆடி ஆர்எஸ்4-இன் பி7 தலைமுறையில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் போவதால் இன்டேக் வால்வுகளைப் பெட்ரோல் கழுவுவதே இல்லை, கரி படிந்து படிந்து குதிரைச் சக்தி குறையும். வால்நட் ஓட்டுத் தூளை அடித்துச் சுத்தம் செய்த பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அது வேண்டாத கார் ஆகிவிடாது, அந்த வேலையின் செலவை விலையில் கழித்துப் பேசலாம், அவ்வளவுதான்.

குறைந்த கிலோமீட்டர் என்பது தனி மயக்கம். பதினைந்து வருடக் கார், 18,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்றால் எல்லாருக்கும் வாயில் எச்சில் ஊறும். எனக்கு இப்போது பயம்தான் வரும். ஓடாத காரில் ரப்பர் சீல்கள் காய்ந்து போகும், டயர் ஒரே இடத்தில் நின்று தட்டையாகும், பெட்ரோல் கெட்டுப்போகும். பிரேக் ஆயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பல கம்பெனிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். டைமிங் பெல்ட்டுக்கும் (இன்ஜினின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் பெல்ட்) அதே நியாயம், அது கிலோமீட்டரை மட்டும் எண்ணுவதில்லை, வருடத்தையும் எண்ணுகிறது. ஃபெராரி எஃப்355-இல் பெல்ட் மாற்ற இன்ஜினையே வெளியே இறக்க வேண்டும். செலவுக்குப் பயந்து "ஓட்டவே இல்லையே, அப்புறம் எதற்கு மாற்றணும்" என்று தள்ளிப்போட்டவர் கையில் அந்தக் கார் இருந்திருந்தால், ஓடோமீட்டரின் சின்ன எண்ணுக்குப் பின்னால் பெரிய பில் ஒன்று காத்திருக்கும். ஆகவே பில்களைக் கிலோமீட்டர் வரிசையில் மட்டும் அடுக்காமல் தேதி வரிசையிலும் அடுக்கிப் பாருங்கள். மூன்று வருடம் ஒரு தாளும் இல்லை என்றால் அந்த மூன்று வருடம் கார் எங்கே இருந்தது என்று கேளுங்கள். பதில் என்ன என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று கவனியுங்கள்.

டயரிலும் தேதி இருக்கிறது. பக்கவாட்டில் நான்கு இலக்கம், 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். நாலு டயரும் ஒரே கம்பெனியா, ஒரே காலமா என்று பார்த்தாலே முந்தைய முதலாளி எங்கே செலவழித்தார், எங்கே கஞ்சத்தனம் செய்தார் என்று தெரிந்துவிடும்.

தாள் பொய் சொல்லலாம், கம்ப்யூட்டர் அவ்வளவு சுலபமாகச் சொல்லாது. போர்ஷேயில் இன்ஜின் கம்ப்யூட்டர் ஓவர்-ரெவ் கணக்கு, அதாவது இன்ஜின் எல்லையைத் தாண்டிச் சுற்றியதன் கணக்கு, வைத்திருக்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்து எல்லையைத் தாண்ட முடியாது, கம்ப்யூட்டரே தடுத்துவிடும். ஆனால் ஐந்திலிருந்து நாலுக்குப் போவதாக நினைத்து இரண்டில் போட்டுவிட்டால் சக்கரமே இன்ஜினை இழுத்துச் சுற்றிவிடும், அதைத் தடுக்க எந்தக் கம்ப்யூட்டராலும் முடியாது, எழுதி வைத்துக்கொள்ளத்தான் முடியும். 996-க்கு அடுத்து வந்த 997-இலிருந்து இந்தக் கணக்கு ஆறு படிகளாக இருக்கிறது, மேல் படிகளில் எண் இருந்தால் இன்ஜின் எத்தனையாவது மணி நேரத்தில் அது நடந்தது என்றும் பாருங்கள். நேற்று நடந்ததற்கும், நானூறு மணி நேரத்துக்கு முன்னால் நடந்து இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருப்பதற்கும் நிறைய வித்தியாசம்.

அந்த மணி நேரக் கணக்கால் இன்னொரு லாபம். ஓடோமீட்டரில் 60,000 கிலோமீட்டர், இன்ஜின் 2,000 மணி நேரம் என்றால் சராசரி மணிக்கு 30 கிலோமீட்டர், நம்பலாம். அதே 60,000-க்கு 5,000 மணி நேரம் என்றால் சராசரி 12. நெரிசலில் மாட்டாத ஸ்போர்ட்ஸ் கார் 12 கிலோமீட்டர் வேகத்தில் எங்கே போய்க்கொண்டிருந்தது? மீட்டர் பின்னால் போயிருக்கிறது. இதைத் தவிர, காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சாதாரண ஓபிடி கருவியை மாட்டினாலே பல கார்களில் "எரர் கோடுகளை அழித்து எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று" என்று காட்டும். நீங்கள் பார்க்கப் போகும் நாளில் அது 6 என்று இருந்தால், உங்களுக்காகத்தான் அழித்திருக்கிறார்கள்.

ரேஸ் டிராக்கில் ஓட்டிய கார் என்றாலே ஓடிவிடச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு டிராக் நாளுக்குப் பிறகும் ஆயில் மாற்றி, பிரேக் ஆயில் மாற்றி, தேதி போட்டு எழுதி வைத்திருப்பவரின் கார், காலையில் ஸ்டார்ட் செய்த உடனே 6,000-க்கு முறுக்கிவிட்டு அலுவலகம் போகிறவரின் காரைவிட எனக்கு மேல். மறைப்பதுதான் பிரச்சினை. சீட்டுக்குப் பின்னால் பெல்ட் கம்பி பொருத்திய ஓட்டை, பிரேக் டிஸ்க்கில் நீலம் பாய்ந்த வெப்பத் தடம், டயர் ஓரத்தில் உருகித் திரண்ட ரப்பர், இவ்வளவையும் வைத்துக்கொண்டு "ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எடுப்பேன்" என்றால் எப்படி?

பார்க்கப் போகும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட் மேல் கை வையுங்கள், சூடாக இருந்தால் "இன்னொரு நாள் வருகிறேன்" என்று கிளம்பலாம். முதலில் விற்பவரையே ஓட்டச் சொல்லுங்கள். எம்3-இன் டேக்கோமீட்டரில் (இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர்) ஆயில் சூடாகும்வரை மேல் எண்களில் ஆரஞ்சு விளக்குகள் எரியும், சூடாக ஆக ஒவ்வொன்றாக அணையும். நான் முதலில் பார்த்த எம்3-இன் சொந்தக்காரர் அந்த விளக்குகள் எரியும்போதே பெருமையாக முறுக்கிக் காட்டினார். ஃபைல் தடிமன்தான். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவதாகப் பார்த்தவர் விளக்கு முழுவதும் அணையும்வரை முதியவர் மாதிரி ஓட்டினார், எனக்கே பொறுமை போய்விட்டது. அவரிடம் ஃபைலோடு ஒரு கோடு போட்ட நோட்டும் இருந்தது. பெட்ரோல் போட்டது, ஆயில் அளவு குறைந்தபோது கால் லிட்டர் ஊற்றியது, டயர் காற்று, எல்லாம் பேனாவில். தரைத் தகட்டில் வலுவூட்டும் தகடு வைத்துப் பற்றவைத்ததற்குப் புகைப்படம் வைத்திருந்தார், பற்றவைப்பதற்கு முன்பு, பின்பு, இரண்டும். "இன்னும் சரி பண்ணாதது என்ன இருக்கு?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, மூன்றைச் சொன்னார்: ஓட்டுநர் சீட்டின் ஓரம் கிழிந்திருக்கிறது, ஒரு வீல் கல்லில் உரசியிருக்கிறது, முன் ஷாக் அப்சார்பர்கள் சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும். அப்படியும் லிஃப்டில் ஏற்றினேன், ஆயிலில் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்பினேன். ஈயமும் செம்பும் அதிகம் இருந்தால் பேரிங் தேய்கிறது, சோடியமோ பொட்டாசியமோ அதிகம் இருந்தால் கூலன்ட் உள்ளே கசிந்திருக்கலாம். நல்லவேளையாக அவர் விற்பதற்காக ஆயிலைப் புதிதாக மாற்றி வைக்கவில்லை, மாற்றியிருந்தால் அந்தச் சோதனைக்கே அர்த்தம் இல்லாமல் போயிருக்கும். ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆனது, அவரும் காத்திருந்தார்.

ஷாக் அப்சார்பர் மாற்றிவிட்டேன். வீலும் ஆயிற்று. அவர் எழுதி நிறுத்திய இடத்திலிருந்து அதே நோட்டில் நான் எழுதுகிறேன், என் கையெழுத்துதான் கொஞ்சம் கேவலம். சீட் கிழிசல் அப்படியேதான் இருக்கிறது.