இரவு 8 மணிக் கூட்டம் மதியம் 3 மணிக்கு வந்த கதை

சென்னை வேளச்சேரியில் எங்கள் தெருவுக்குள் 2015-லும் தண்ணீர் வந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வந்தது. இரண்டாம் முறை கரண்ட்டும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. சேறு காய்ந்ததும் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு வெள்ளக் குழு போட்டார்கள். முதல் கூட்டம் ஞாயிறு இரவு 8 மணிக்கு. எல்லார் வீட்டிலும் தோசைக்கல் அடுப்பில் இருக்கிற நேரம். பெண்கள் என்று போனது நானும் எதிர் வீட்டு அக்காவும்தான்.

டீசல் மோட்டார், மணல் மூட்டை, கயிறு, ரப்பர் படகு என்று எழுதினார்கள். படகை யார் ஓட்டுவது என்பதற்கே அரை மணி நேரம் போனது. கடைசியில், "சாப்பாடு லேடீஸ் பார்த்துப்பாங்க." அவ்வளவுதான் எங்கள் பங்கு. எச்சரிக்கை அனுப்பச் சேகரித்த நம்பர்கள் எல்லாமே வீட்டு ஆண்களுடையவை. 2015-ல் வெள்ளம் வந்த டிசம்பர் 1 செவ்வாய்க்கிழமை. அன்று பாதிப் பேர் ஆபீசில் மாட்டிக்கொண்டார்கள், வீட்டில் இருந்தது நாங்கள். இதைச் சொன்னேன். "அப்புறம் பேசலாம்மா" என்றார்கள்.

சரி என்று மறுநாளிலிருந்து மதியம் 2 மணிக்கு மேல் ஒரு நோட்டோடு வீடு வீடாகப் போனேன். ஒரே கேள்விதான்: தண்ணீர் முதலில் எங்கே வந்தது? வாசல் வழியாக இல்லையாம். கீழ் வீடுகளில் கழிவறைக் கோப்பையிலிருந்தும் பாத்ரூம் ஜாலியிலிருந்தும் எதிர்த்துக்கொண்டு ஏறியிருக்கிறது. வாசலில் எத்தனை மூட்டை அடுக்கினாலும் இதற்கு ஆகாது. கழிவறைக்குப் போக வழியில்லாமல் இரண்டு நாள் தண்ணீரே குடிக்காமல் இருந்ததை மூன்று பேர் சொன்னார்கள். அதில் ஒருவர் ஏழு மாதக் கர்ப்பிணி. நாப்கினை எங்கே போடுவது என்று தெரியாமல் பையில் கட்டிப் பரண்மேல் வைத்ததாக ஒரு கல்லூரிப் பெண் சொன்னாள். இதையெல்லாம் இரவு 8 மணிக்கு, அத்தனை ஆண்கள் நடுவில் யார் எழுந்து சொல்வார்கள்?

இன்னொன்றும் தெரிந்தது. சங்கத்தில் உறுப்பினர் என்றால் வீட்டு உரிமையாளர். பத்திரம் பெரும்பாலும் ஆண் பெயரில். வாடகைக்கு இருக்கும் பெண்களும், கால்வாய் ஓரத்திலிருந்து வேலைக்கு வரும் அம்மாக்களும் எந்தக் கணக்கிலும் இல்லை.

எங்கள் தெருச் சேறு காயாத 2015 டிசம்பர் 12 அன்றுதான் பாரிஸ் ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. பருவநிலை மாற்றத்துக்குத் தயாராகும்போது பெண்களின் நிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அத்தனை நாடுகள் ஒத்துக்கொண்டதை எங்கள் சங்கத் தலைவர் ஒத்துக்கொள்ள மூன்று கூட்டம் ஆனது. நான் உரிமை பற்றியெல்லாம் பேசவில்லை. கழிவறைத் தண்ணீர் விஷயத்தை எடுத்தேன், அவர் வீடும் தரைத்தளம்.

கூட்டம் ஞாயிறு மதியம் 3 மணிக்கு மாறியது. வீட்டுக்கு இரண்டு நம்பர், ஒன்று பெண்ணுடையது. வாடகைக்காரர்களும் வரலாம். தண்ணீர் வந்தால் மாடி வீடுகளில் மூன்று கழிவறைகள் எல்லோருக்கும் திறந்திருக்கும். இதற்குத்தான் அதிக சண்டை. வேலைக்கு வரும் அம்மாக்களுக்கும் உண்டா என்று ஒருவர் கேட்டார். எதிர் வீட்டு அக்கா பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார். பொருளாளர் பதவி மட்டும் இன்னும் எங்கள் பக்கம் வரவில்லை.

2024 அக்டோபரில் ரெட் அலர்ட் வந்தது. ஆண்கள் காரை எடுத்துக்கொண்டு மேம்பாலத்தில் இடம் பிடிக்க ஓடினார்கள். நாங்கள் பிளாஸ்டிக் பைகளில் மணல் நிரப்பிக் கீழ் வீட்டுக் கழிவறைகளை அடைத்துக்கொண்டிருந்தோம்.